இருபத்தெட்டாம் எண்ணில் இருந்த பெயர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சித்திரை மாதத்து மதிய வெயிலில், பழைய சவுண்டு மாட்யூல் ஒன்றை வாங்குவதற்காக விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு பைக்கில் போனேன். வாங்கி வந்த மறுநாள் நான் செய்த ஒரு சின்னக் காரியத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். செய்து முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

நான் கீபோர்டு வாசிப்பவன். விழுப்புரத்தில் ஒரு இன்னிசைக் குழுவில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில் திருவிழாக்கள், மற்ற மாதங்களில் கல்யாண வரவேற்புகள். கச்சேரி இல்லாத நாட்களில் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பேன்.

சவுண்டு மாட்யூல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பார்ப்பதற்குப் பழைய டி.வி.டி. பிளேயர் மாதிரி, மூன்று விரல் உயரத்தில் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி. அதில் வாசிப்பதற்குக் கட்டைகள் இருக்காது. கீபோர்டிலிருந்து ஒரு ஒயரை அதில் சொருகிவிட்டால், நாம் இங்கே கட்டையை அழுத்த, சத்தம் அந்தப் பெட்டியிலிருந்து வரும். வயலின், புல்லாங்குழல், மேளம் என்று உள்ளே ஆயிரம் சத்தங்கள் இருக்கும். அதுவும் போதாதென்றால் மேல்மூடியைக் கழற்றி, வேறு சத்தங்கள் அடங்கிய கார்டுகளை உள்ளே பொருத்திக்கொள்ளலாம். இது தவிர, வாசிப்பவர் தானே உருவாக்கிய சத்தங்களைச் சேமித்து வைக்கத் தனியாக நூற்று இருபத்தெட்டு இடங்கள் உண்டு. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண். நமக்குப் பிடித்த பெயரையும் வைக்கலாம்.

திண்டிவனத்தில் மரக்காணம் சாலைப் பக்கம் ஒரு சின்ன ஓட்டு வீடு. அந்த வீட்டுக்காரரும் என்னைப் போலக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தவர். மஞ்சள் காமாலை முற்றி, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து, இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் அவரைப் பார்த்ததில்லை. அவருடைய மனைவிதான் பெட்டியைத் துடைத்து, ஒரு பழைய புடவையில் சுற்றி, தயாராக வைத்திருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். வாசலையே பார்த்துக்கொண்டு, ஏதோ அவசரத்தில் இருப்பவர் போலப் பேசினார்.

"ஜல்தியா எடுத்துக்கினு போய்டுங்க தம்பி. பொண்ணு கம்பெனிலேருந்து வர்ற நேரம். அவ பாத்தா வுட மாட்டா."

நான் பெட்டியை பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து நின்று இன்னொன்றும் சொன்னார்.

"அவரு போட்டு வெச்சதெல்லாம் அதுக்குள்ளயே இருக்குதுங்க. அழிச்சிடாம வெச்சிக்கங்க தம்பி."

"சரிக்கா, சரிக்கா" என்றேன். கயிற்று முடிச்சில் இருந்தது என் கவனம்.

மறுநாள் காலை மூடியைக் கழற்றினேன். உள்ளே கார்டு பொருத்த இருந்த இரண்டு இடங்களும் நிறைந்திருந்தன. என்னிடம் நாகஸ்வரம், தவில் சத்தங்கள் கொண்ட ஒரு கார்டு இருந்தது. திருவிழாக் கச்சேரிக்கு அது இல்லாமல் முடியாது. எனவே அவருடைய கார்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு என்னுடையதைப் போட்டேன். கழற்றியதை அந்த வாரமே புதுச்சேரியில் இருக்கும் நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

பிறகு அவர் சேமித்து வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தேன். பாட்டுகளின் முதல் எழுத்துகள், ஊர்ப் பெயர்கள், வெறும் எண்கள் என்று அவருக்கு மட்டுமே புரியும் பெயர்கள். இருபத்தெட்டாம் எண்ணில் ஆங்கில எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தைய கதை போலிருக்கிறது என்று நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எதையும் வாசித்துப் பார்க்கவில்லை. பழைய பெட்டி வாங்கினால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது என் வழக்கம். வேண்டுமானால் முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கலாம், ஐந்து நிமிட வேலை. அதற்கும் சோம்பல். அழித்துவிடட்டுமா என்று சின்னத் திரையில் பெட்டி கேட்டது. அழுத்தினேன். நூற்று இருபத்தெட்டு இடங்களிலும் கம்பெனிக்காரன் கொடுத்த சத்தங்கள் வந்து உட்கார்ந்துகொண்டன.

அந்த ஆடியில் இருபத்திரண்டு கச்சேரிகள் வாசித்தோம். பெட்டி பிரமாதமாக உழைத்தது. அந்த அக்கா சொன்னது ஒருநாளும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் அவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, அந்தப் பொட்டி ஒங்ககிட்டதான இருக்குது?"

"இருக்குதுக்கா."

"எம் பொண்ணுக்குப் பொறந்ததுலேருந்தே காது கேக்காதுங்க. வாயும் பேச வராது. அவங்க அப்பா அவளுக்குன்னே ஒரு சத்தம் செஞ்சி வெச்சிருந்தாரு. டெய்லி சாயங்காலம் அதப் போட்டாருன்னா தரையெல்லாம் அதுரும். அவ எங்க இருந்தாலும் எழுந்து ஓடியாந்து ஸ்பீக்கர் மேல ரெண்டு கையயும் வெச்சிப்பா. பேரு சொல்லிக் கூப்புட முடியாதில்ல தம்பி, அதான் அவரு அப்பிடிக் கூப்புடுவாரு. பொட்டிய வித்துட்டேன்னு தெரிஞ்சி மூணு நாளு சோறு திங்கல. அப்பறம் அதப் பத்திக் கேக்கவே இல்ல. இப்ப அவருக்கு வருஷம் வருது. இன்னா வோணும்னு கேட்டா, ஒரே ஒரு வாட்டி அத வெச்சிக் காட்டச் சொல்லுன்னு கைய ஆட்டிக் கேக்கறா. ஒங்க வூட்டுக்கு இட்டாரட்டுமா?"

அவர் பேசி முடிப்பதற்குள் நான், "தாராளமா வாங்கக்கா, ஞாயித்துக்கிழமை வாங்க" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அன்று புதன்கிழமை, நான்கு நாள் இருந்தது. நான் யோசித்தது வேறு. அந்தப் பெண்ணுக்குக் காது கேட்காது. தரை அதிர வேண்டும், அவ்வளவுதானே? பெட்டிக்குள் இருக்கிற ஆயிரத்தில் ஆழமான சத்தம் ஒன்றை எடுத்து, பெண் பெயர் இருந்த அந்த இருபத்தெட்டாம் இடத்தில் போட்டுவிட்டால் அவளுக்கு எப்படித் தெரியப் போகிறது? இதை எழுதவே கூசுகிறது. ஆனால் அன்றைக்கு இது எனக்கு நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. யார் மனமும் நோகாமல் முடிந்துவிடும் என்று என்னையே நான் தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அந்த அக்கா ஒரு தூக்கு நிறைய வேக வைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொண்டு வந்திருந்தார். மகளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். திண்டிவனத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை. என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். என் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, யாரும் காட்டாமலேயே ஸ்பீக்கர் பெட்டியிடம் போய், செருப்பைக் கழற்றிய வெறும் காலோடு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் பெட்டியின் பக்கவாட்டில் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் கட்டையை அழுத்தினேன். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் ஏதோ வர வேண்டும் என்பது போலக் காத்திருந்தாள். நான் கையை எடுத்து மறுபடி அழுத்தினேன். இப்போது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினாள். இரண்டு விரலையும் பிறகு எட்டு விரலையும் காட்டினாள்.

"இருவத்தெட்டுன்றா தம்பி" என்றார் அம்மா.

"இதுதாங்க்கா இருவத்தெட்டு" என்றேன்.

அவள் எழுந்து நேராக என் பக்கம் வந்தாள். பெட்டியின் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தாள். எண்ணைப் பார்த்தாள், இருபத்தெட்டுதான். பக்கத்தில் இருந்த எழுத்துகளின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை மெதுவாகத் தடவினாள். பிறகு தன் போனை எடுத்து எதையோ தட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என் பேர் எங்கே?"

அந்தத் திரையை அவள் எத்தனை வருடம் அப்பாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்திருப்பாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவள் அப்பா கூப்பிடும் பெயரின் சத்தம் மட்டுமல்ல, எழுத்தும் அங்கேதான் இருந்தது.

எனக்கு வேறு வழி இல்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாங்கிய மறுநாளே அழித்ததை, கார்டை எடுத்துக் கொடுத்துவிட்டதை, இப்போது வாசித்தது பொய் என்பதை. அவர் என்னைத் திட்டவில்லை.

"சொல்லித்தான தம்பி குடுத்தேன்" என்றார். அதையே இன்னொரு முறை சொன்னார். பிறகு மகளிடம் கையசைத்து விளக்கினார். கைகள் பாதியில் நின்றுவிட்டன. அழித்துவிட்டார் என்பதற்கு அவர் காட்டிய சைகை, சிலேட்டைத் துடைப்பது மாதிரி இருந்தது. மகள் அழவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து இறக்கி விட்டு, முதுகைத் தட்டிக்கொடுத்தாள். வந்த பத்து நிமிடத்தில் இருவரும் கிளம்பிப் போனார்கள். மனைவி போட்டு வைத்திருந்த டீ ஆறிக் கிடந்தது.

நான் புதுச்சேரிக்குப் போய் நண்பரிடம் அந்தக் கார்டைத் திரும்ப வாங்கி வந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் அப்போதே தன் பெட்டியைத் திறந்து கழற்றிக் கொடுத்தார். ஆனால் கார்டில் இருப்பது மூலச் சத்தங்கள் மட்டும்தான். அவற்றில் எதை எடுத்தார், எதோடு கலந்தார், எவ்வளவு ஆழத்துக்கு இறக்கினார் என்பதெல்லாம் அந்த இருபத்தெட்டாம் இடத்தில் இருந்தது. அது போனது போனதுதான்.

அவரோடு வாசித்தவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். மேடையில் அவர் அதை ஒருபோதும் வாசித்ததில்லை, அப்படி ஒன்று இருந்ததே தெரியாது என்றார்கள். அந்த அக்காவின் போனில் ஒரு வீடியோ இருந்தது. அவள் அப்பா வாசிக்க, மகள் ஸ்பீக்கரில் கை வைத்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவு ஆழமான சத்தத்தைப் போன் பிடிக்காது. கட்டை அமுங்கும் டக்டக் சத்தமும், அவள் வாய்விட்டுச் சிரிப்பதும்தான் கேட்டன. அப்பாவின் குரலைக் கேட்டுச் சிரிப்பது போன்ற சிரிப்பு. அந்த வீடியோவை நான் இரண்டாவது முறை பார்க்கவில்லை.

மறுபடி உருவாக்கிப் பார்க்கலாம் என்று நான்தான் கேட்டேன். அம்மா தயங்கினார், மகள் சரி என்றாள். பெட்டியையும் கீபோர்டையும் எடுத்துக்கொண்டு, தொடர்ந்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் காலை ரயிலில் திண்டிவனம் போனேன். ஸ்பீக்கர் அவர்கள் வீட்டிலேயே இருந்தது; பெட்டியை விற்றபோதும் அதை மட்டும் அம்மா விற்கவில்லை.

அவளால் அந்தச் சத்தத்தைச் சொல்ல முடியாது, எனக்கு அது தெரியாது. அவள் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினாள். கீழிருந்து மெல்ல மேடேறி, உச்சியில் நடுங்கி நடுங்கி ஓடி, சட்டென்று விழும் கோடு. என் முழங்கையில் விரலால் தட்டி நடுக்கத்தின் வேகத்தைக் காட்டினாள். நான் இரண்டு சத்தங்களைக் கலந்து, ஒன்றைக் கொஞ்சம் பிசகவைத்து, அந்த நடுக்கத்தைக் கொண்டுவரப் பார்த்தேன். அவள் கை வைத்துப் பார்த்து, உள்ளங்கையைத் தாழ்த்துவாள், இன்னும் கீழே. விரல்களை விரிப்பாள், இன்னும் அகலமாக.

இரண்டாவது ஞாயிறு அம்மாவும் உதவ வந்தார். அந்த வீட்டில் அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டவர் அவர் ஒருவர்தான். முதலில் வெட்கப்பட்டார். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "ங்ங்ம்ம்ம்..." என்று தொண்டைக்குள் ஆரம்பித்தார். "அப்பறம் லாரி ஸ்டார்ட்டு பண்ணி நிக்குமே, அப்பிடி வரும் தம்பி." மறுபடி செய்து காட்டினார். மூன்றாவது முறை செய்யும்போது குரல் உடைந்து போய், எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். மகளுக்கு எதுவும் கேட்கவில்லை. அம்மா ஏன் எழுந்து போனார் என்று என்னைப் பார்த்தாள். அதை எப்படிச் சைகையில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நான்காவது ஞாயிறு, கார்டில் இருந்த ஒரு சத்தத்தை எதேச்சையாகத் தலைகீழாகக் கலந்தேன். கட்டையை அழுத்தியதும் அவள் முகம் மலர்ந்தது. தலையை வேகமாக ஆட்டினாள். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து நிலைப்படியில் நின்றார். மறுபடி அழுத்தினேன். மறுபடியும். மூன்றாம் முறை அவள் புருவம் சுருங்கியது. கைகளை எடுத்துவிட்டு, சற்று நேரம் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீண்டும் வைத்தாள். மீண்டும் எடுத்தாள். பிறகு போனில் வெகுநேரம் தட்டினாள். அவள் எழுதியது இதுதான்:

"அண்ணா போதும். முதல் நாள் கை வைத்ததும் இது இல்லை என்று தெரிந்தது. இன்று தெரியவில்லை. நீங்கள் வேறு வேறு போடுகிறீர்கள். அப்பா கூப்பிடுவது எப்படி என்று குழம்புகிறது. என் கையில் இருப்பதும் போகிறது. நிறுத்துங்கள்."

நான் அதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நல்லது செய்கிறேன் என்று நான்கு வாரமாக அந்தப் பெண்ணிடம் மிச்சமிருந்ததையும் நான் அழித்துக்கொண்டிருந்தேன். பெட்டியில் ஒரு முறை, அவள் கையில் ஒரு முறை.

அன்று வரை செய்து பார்த்த ஒன்பது சத்தங்களைப் பெட்டியில் சேமித்து வைத்திருந்தேன். அவற்றை அழித்துவிடச் சொன்னாள். திரை கேட்டதும் நான் தயங்கினேன். அவளே விரலை நீட்டி அழுத்தினாள். அழிந்ததைப் பார்த்துவிட்டு, உள்ளங்கைகளைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

பெட்டியை அவர்களிடமே விட்டுவிட்டு வருகிறேன் என்றேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"இன்னாத்துக்கு தம்பி? வெச்சிக்கினு பாத்துக்கினு இருக்கவா? எடுத்துக்கினு போயி வாசிங்க. சும்மா கெடந்தா அவருக்குப் புடிக்காது."

மகளைப் பார்த்தேன். அவளும் எடுத்துப் போகும்படி கையைக் காட்டினாள். ரயிலடி வரை ஷேர் ஆட்டோவில் கூட வந்து, கீபோர்டு பையைத் தூக்கி மேலே கொடுத்தாள். வண்டி நகரும்போது கும்பிட்டாள். வந்த முதல் நாள் என் வீட்டு வாசலில் கும்பிட்டாளே, அதே மரியாதையோடு. எனக்கு அதற்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. முண்டியம்பாக்கம் தாண்டி விழுப்புரம் வரும் வரை யார் முகத்தையும் பார்க்காமல் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் போக்குவரத்து இல்லை. பொங்கலுக்கு அந்த அம்மாவுக்கு ஒரு போன் செய்வேன். நல்லா இருக்கறோம் தம்பி என்பார். மகளைப் பற்றிக் கேட்டால், "கம்பெனிக்குப் போய்க்கினுதான் இருக்கறா" என்பார். சாயங்காலங்களில் அவள் இன்னும் அந்த ஸ்பீக்கர் பக்கம் போகிறாளா என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

பெட்டியை இன்றும் வாசிக்கிறேன். இப்போதெல்லாம் யாருடைய பழைய கருவி கைக்கு வந்தாலும், அதில் இருப்பவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துவிட்டு, ஒன்று விடாமல் வாசித்துக் கேட்ட பிறகுதான் தொடுகிறேன். அதனால் யாருக்கும் பெரிய பயன் விளைந்துவிடவில்லை. பெரும்பாலும் பாட்டுகளின் பழைய சத்தங்கள்தான். ஆனால் கேட்டு முடிக்கிற ஒவ்வொரு முறையும் ஒன்று நெஞ்சில் தைக்கிறது. ஒரு தகப்பன் தன் மகளைக் கூப்பிட்ட சத்தம் ஒரு இரவு முழுக்க என் வீட்டில், என் மேசை மேல் இருந்தது. ஒரே ஒரு கட்டையை அழுத்தியிருந்தால் போதும், எனக்குக் கேட்டிருக்கும்.